வளைந்த குவியப் பரப்பும் விளிம்புத் தெளிவும்

எந்த லென்ஸும் தன் முன்னே விரிந்து கிடக்கும் காட்சியைத் தானாகத் தட்டையான தளத்தில் விழச் செய்வதில்லை. அச்சை ஒட்டி நேரே வரும் ஒளி ஓரிடத்தில் குவிகிறது. சாய்ந்து வரும் ஒளி அதைவிடச் சற்று முன்னதாக, லென்ஸுக்கு அருகே குவிந்துவிடுகிறது. இப்படிக் கூர்மையாகக் குவியும் புள்ளிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், லென்ஸை நோக்கி விளிம்பு உயர்ந்த, ஆழமில்லாத தட்டின் வடிவம் கிடைக்கும். ஒளியியலில் இதற்குப் புல வளைவு என்று பெயர். பைனாகுலரில் நடுவே ஊசிமுனையாகத் தெரியும் விண்மீன் ஓரத்துக்குப் போனதும் பஞ்சுபோல் ஊதிவிடுவதற்கு முதற் காரணங்களில் ஒன்று இதுவே.

மற்றப் பிறழ்ச்சிகளிலிருந்து புல வளைவு அடிப்படையிலேயே வேறுபட்டது. கோளப் பிறழ்ச்சியிலும் கோமாவிலும் ஒளி எங்குமே சரியான புள்ளியாகக் கூடுவதில்லை. குறை படத்திலேயே இருக்கிறது. புல வளைவில் படம் கெடவில்லை. விளிம்பிலுள்ள விண்மீனும் புள்ளியாகத்தான் குவிகிறது. பார்ப்பவர் தேடும் இடத்தில் குவியவில்லை, அவ்வளவே. ஃபோகஸ் சக்கரத்தைச் சிறிது திருப்பினால் விளிம்பு கூர்மையாகி நடுப்பகுதி மங்குவது இதனால்தான். விளிம்பு மங்கலைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், பிறகு சொல்லும் எதுவும் சரியாக வராது.

விலகலின் அளவு, அச்சிலிருந்து உள்ள தூரத்தின் இருமடியில் வளர்கிறது. தூரம் இரண்டு பங்கானால் மங்கலுக்குக் காரணமான விலகல் நான்கு பங்காகும். பார்வைப் புலத்தின் பாதி வரை குறையே தெரியாமல் இருந்து, முக்கால் பங்கைத் தாண்டியதும் தெளிவு சட்டென்று சரிவதுபோல் தோன்றுவதற்கு இந்த இருமடிக் கணக்கே காரணம்.

இந்த வளைவுக்கு விதி கண்டவர் ஜோசப் பெட்ஸ்வால். இன்று ஸ்லோவாக்கியாவிலுள்ள ஊரில் 1807-ல் பிறந்து, வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1840-ல் அவர் கணக்கிட்டு அமைத்த உருவப்பட லென்ஸை ஃபோக்ட்லாந்தர் நிறுவனம் தயாரித்தது. 1843-ல் தம் ஆய்வு முடிவுகளைச் சுருக்கமான அறிக்கையாக வெளியிட்டார். அதிலுள்ள விதியின் சாரம் இது: ஒவ்வொரு லென்ஸின் குவியத் தூரத்தையும் அதன் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கி, அதன் தலைகீழியை எடுத்து, கருவியிலுள்ள எல்லா லென்ஸ்களுக்கும் கூட்டினால் வருவதே அடிப்படை வளைவு. இதில் லென்ஸ்களுக்கு இடையிலான தூரத்துக்கு இடமே இல்லை. லென்ஸ் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதற்கும் இடமில்லை. ஒளியியல் வடிவமைப்பாளருக்கு இதைவிடக் கடுமையான விதியும் இல்லை, இதைவிடப் பெரிய வாய்ப்பும் இல்லை. குவியத் தூரத்தை மாற்றாமல் லென்ஸின் வளைவுகளை எப்படி மாற்றிப் பார்த்தாலும் இந்த அடிப்படை வளைவு அசையாது என்பது கடுமை. லென்ஸின் இடத்தை மாற்றினால் கருவியின் மொத்தத் திறன் மாறும், புல வளைவுக்கு அது தரும் பங்கு மட்டும் மாறாது என்பது வாய்ப்பு. பின்னால் வந்த தீர்வுகள் பெரும்பாலும் இந்த வாய்ப்பின் வழியே வந்தவை.

பெட்ஸ்வாலின் உருவப்பட லென்ஸிலேயே புல வளைவு மிகுதி. முகம் கூர்மையாகவும் சுற்றுப்புறம் கலங்கியும் விழுந்த அக்காலப் படங்களில் அதை இன்றும் காணலாம். விதியைக் கண்டவர் தம் கருவியில் வேகத்துக்காக அதை விட்டுக்கொடுத்தார். நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த காலத்தில் அது சரியான தேர்வு.

ஒற்றை லென்ஸுக்கு இந்த விதி தரும் வளைவின் ஆரம், குவியத் தூரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உண்மையில் கிடைக்கும் வளைவு இதைவிட மோசமானது. அஸ்டிக்மாட்டிசம் அதோடு சேர்ந்துகொள்கிறது. சாய்ந்து வரும் ஒளிக்கற்றை மேல்கீழாக ஓரிடத்திலும் பக்கவாட்டில் வேறிடத்திலும் குவிவதே அஸ்டிக்மாட்டிசம். ஆகவே ஒரு பரப்புக்குப் பதில் இரண்டு பரப்புகள் உருவாகின்றன. பெட்ஸ்வால் பரப்பிலிருந்து ஒன்று விலகும் தூரத்தைப்போல் மற்றது மூன்று பங்கு விலகும். இந்தப் பிறழ்ச்சிகளை ஐந்தாகப் பிரித்து 1850-களில் கணித வடிவம் தந்தவர் ஜெர்மனியின் லுட்விக் ஃபான் சைடல். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய சாதாரணத் தொலைநோக்கி லென்ஸில் இவ்விரு பரப்புகளுக்கும் நடுவே, மங்கல் மிகக் குறைவாக இருக்கும் பரப்பின் ஆரம் குவியத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

எண்ணில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். குவியத் தூரம் 500 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் அந்த ஆரம் சுமார் 180 மி.மீ. அச்சிலிருந்து 10 மி.மீ. தள்ளி விழும் விண்மீன், நடுவிலுள்ள விண்மீனைவிட 0.28 மி.மீ. முன்னதாகக் குவியும். ஐபீஸின் குவியத் தூரம் 20 மி.மீ. என்றால், 0.4 மி.மீ. இடம்பெயர்வு கண்ணுக்கு ஒரு டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) மாற்றமாகும். ஆக இங்கே விளிம்பின் விலகல் 0.7 டயாப்டர்தான்; ஏற்றபடி ஃபோகஸ் செய்தால் இளங்கண் இதைக் கவனிக்கக்கூடச் செய்யாது.

17-ஆம் நூற்றாண்டின் நீண்ட தொலைநோக்கிகளில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. குவியத் தூரம் மிகப் பெரிது, பார்த்த புலம் மிகச் சிறிது. வானத்தைப் பரந்த தட்டுகளில் படம் பிடிக்கத் தொடங்கியபோதுதான் வளைவு உறுத்தத் தொடங்கியது. 1887-ல் பாரிசில் கூடிய வானியலாளர்கள், வானம் முழுவதையும் ஒரே மாதிரியான தொலைநோக்கிகளால் படம் பிடிக்க முடிவுசெய்தார்கள். ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் பிற்பாடு இந்தப் பணியில் பங்கேற்றது. அந்தத் தொலைநோக்கிகளின் குவியத் தூரம் 3.43 மீட்டர், லென்ஸின் விட்டம் 33 செ.மீ. தட்டில் ஒரு மி.மீ. வானத்தின் ஒரு நிமிடக் கோணத்துக்குச் சமம். மூன்றில் ஒரு பங்குக் கணக்கை இங்கே போட்டால், நடுவிலிருந்து 65 மி.மீ. தள்ளிய விண்மீன் தட்டுக்கு 1.8 மி.மீ. முன்னதாகக் குவியும், தட்டில் அது சுமார் 10 விநாடிக் கோண அகல வட்டமாகப் பரவும். விண்மீனின் இடத்தை அதைவிடப் பல மடங்கு நுட்பமாக அளக்க வேண்டிய பணி அது. நடுவையும் ஓரத்தையும் சமரசமாகப் பிரித்து ஃபோகஸ் செய்வதைத் தவிர அப்போது வேறு வழியில்லை.

பைனாகுலரின் நிலை தொலைநோக்கியைவிடக் கடினமானது. அதன் குவியத் தூரங்கள் மிகக் குட்டை. பார்வைப் புலமோ மிக அகலம். 8×42 பைனாகுலர் ஒன்றில் பொருளருகு லென்ஸின் குவியத் தூரம் 160 மி.மீ., ஐபீஸின் குவியத் தூரம் 20 மி.மீ. என்று கொண்டால், 8 பாகைப் புலத்தின் விளிம்பு அச்சிலிருந்து 11 மி.மீ. தூரத்தில் விழும். வளைவின் ஆரம் 60 மி.மீ. அளவே. விளிம்பின் விலகல் ஒரு மில்லிமீட்டரை எட்டிவிடும். கண்ணுக்கு அது இரண்டரை டயாப்டர். பொருளருகு லென்ஸின் பங்கு மட்டுமே இவ்வளவு. ஐபீஸுக்கும் தன்னுடைய வளைவு உண்டு. அது கூர்மையாகப் பார்க்கக்கூடிய பரப்பும் ஒரு தட்டுதான். விளிம்பு ஐபீஸை நோக்கி உயர்ந்திருக்கும். ஆகவே கருவிக்குள் இரண்டு தட்டுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் தொட்டுக்கொள்ளும் அவை விளிம்பில் எதிரெதிர்ப் பக்கம் விலகுகின்றன. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்வதில்லை, இரண்டும் கூடிப்போகின்றன. பெட்ஸ்வால் விதிப்படி பார்த்தால் 8 மடங்கு பைனாகுலரில் ஐபீஸின் பங்கு பொருளருகு லென்ஸின் பங்கைப்போல் ஏறத்தாழ 8 பங்கு. விளிம்புத் தெளிவு என்பது பெரும்பாலும் ஐபீஸின் தரமே என்று கருவி அறிந்தவர்கள் சொல்வதற்கு இது ஆதாரம். நல்ல ஐபீஸ்களில் அஸ்டிக்மாட்டிசத்தை வேண்டுமென்றே எதிர்த்திசையில் சிறிது விட்டு, சராசரிப் பரப்பைத் தட்டையாக்குவார்கள். மங்கல் அப்போது முற்றும் போகாது. எல்லை சற்றுத் தள்ளிப்போகும்.

கண்ணுக்கு இந்த விலகலைச் சமாளிக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. 20 வயதில் கண் தானாகச் சரிசெய்துகொள்ளும் அளவு சுமார் 10 டயாப்டர். 50 வயதில் அது 2 டயாப்டருக்கு வந்துவிடும். அதன்பின் இன்னும் குறையும். ஒரே பைனாகுலரை மகள் விளிம்புவரை கூர்மை என்று சொல்வதும், தந்தை பாதிக்குமேல் மங்கல் என்று சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். ஆனால் கண்ணின் இந்த ஆற்றல் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும்: விரிந்து வரும் ஒளியை அது இழுத்துக் குவிக்கும், ஏற்கெனவே குவிந்து வரும் ஒளியைத் தளர்த்தாது. நடுப்பகுதியைத் தளர்ந்த கண்ணால் ஃபோகஸ் செய்துவிட்டால், விளிம்பின் ஒளி குவிந்து வருவதாக அமையும். இளங்கண்ணாலும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. விண்மீனை நடுவுக்கும் விளிம்புக்கும் பாதித் தூரத்தில் வைத்து ஃபோகஸ் செய்தால், நடுப்பகுதியைக் கண் தானே சரிசெய்துகொள்ளும். விளிம்பும் ஓரளவு மேம்படும். 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லாத தீர்வு இது. இரவு முழுவதும் பைனாகுலரோடு வானம் பார்ப்பவர்கள் முதலில் பழக வேண்டியதும் இதுவே.

பகலில் இதே வளைவு சில நேரம் நன்மையாகவும் அமையும். நடுவில் தொலைவு கூர்மையாக இருக்கும்போது, வளைவின் காரணமாக விளிம்பில் அருகிலுள்ள பொருள்களே கூர்மைபெறும். 8 மடங்கு பைனாகுலரில் விளிம்பின் விலகல் 2 டயாப்டர் என்றால், அங்கே தெளிவாகத் தெரிவது 32 மீட்டர் தூரத்திலுள்ள பொருள் (8-ன் இருமடி 64, அதை 2-ஆல் வகுத்தால் 32). ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரை நாரைகளைப் பார்ப்பவருக்கு, புலத்தின் கீழ்விளிம்பில் இருப்பது முன்கரைப் புல். அந்தப் புல்லும் கூர்மையாகத் தெரிவதால் காட்சி முழுவதும் தெளிவாக இருப்பதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. மேல்விளிம்பிலுள்ள வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. இரவில் எல்லா விண்மீன்களும் ஒரே முடிவிலித் தொலைவில் இருப்பதால் இந்தச் சலுகை கிடைக்காது. பறவை பார்ப்பவருக்குப் பிடித்த கருவி வானம் பார்ப்பவருக்கு ஏமாற்றம் தருவது இதனாலேயே.

விளிம்பு மங்கலுக்கு எது காரணம் என்று கண்டறிய விலையுயர்ந்த சோதனைக் கருவி வேண்டாம். கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வரும் இரவில், அசையாத தாங்கியில் பைனாகுலரைப் பொருத்தி, கூட்டத்தை நடுவில் வைத்துக் கூர்மையாக்க வேண்டும். பின் கருவியை மெல்ல நகர்த்திக் கூட்டத்தை விளிம்புக்குக் கொண்டுபோய், ஃபோகஸ் சக்கரத்தை மட்டும் திருப்ப வேண்டும். விண்மீன்கள் மீண்டும் புள்ளிகளாகிவிட்டால் குறை புல வளைவு. ஒரு பக்கம் திருப்பினால் ஆரத்திசையில் கோடாகவும், மறுபக்கம் திருப்பினால் அதற்குச் செங்குத்தாகக் கோடாகவும் நீண்டு, நடுவே சிறு சிலுவைபோல் நின்றால் அஸ்டிக்மாட்டிசம். எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் வால் நீட்டியே நின்றால் கோமா. ஒரு ஓரம் சிவந்தும் மறு ஓரம் நீலம் பாய்ந்தும் இருந்தால் பக்கவாட்டு நிறப் பிறழ்ச்சி. பெரும்பாலான கருவிகளில் இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தே இருக்கும். ஃபோகஸைத் திருப்பும்போது எவ்வளவு மேம்படுகிறதோ அவ்வளவுதான் வளைவின் பங்கு. இந்தச் சோதனையில் மிக ஒளிமிக்க விண்மீனைத் தவிர்ப்பது நல்லது. இருளில் கண்மணி அகல விரிந்திருக்கும்போது கண்ணின் சொந்தக் குறைகளே கதிர்களாகத் தெரியும். அந்தப் பழி கருவிமேல் விழும்.

தூணோ கட்டடத்தின் விளிம்போ ஓரத்தில் வில்லாக வளைந்து தெரிவதைப் பலர் புல வளைவு என்று எண்ணுகிறார்கள். அது வேறு: உருத்திரிபு. உருத்திரிபில் விளிம்பு கூர்மையாகவே இருக்கும், உருவம்தான் மாறும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. உருத்திரிபை முற்றிலும் நீக்கிய பைனாகுலரைப் பக்கவாட்டில் ஓட்டிப் பார்த்தால், காட்சி ஓர் உருளும் கோளத்தின்மேல் ஒட்டியதுபோல் நகர்வதாகச் சிலருக்குத் தோன்றும், தலைசுற்றலும் வரலாம். கட்டங்கள் வளைந்த சதுரங்கப் பலகையைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்த சோதனை, கண்ணின் இந்த இயல்பைக் காட்டியிருந்தது. அதனால் தயாரிப்பாளர்கள் ஓரளவு உருத்திரிபை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். இது ஏன் நிகழ்கிறது என்பதைக் கணித மாதிரியோடு விளக்கி ஹோல்கர் மெர்லிட்ஸ் 2010-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். விளிம்புவரை கூர்மையான கருவி என்றாலே தலைசுற்றும் என்று சொல்வது தவறு. கூர்மைக்கும் உருளலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை.

வளைவைக் குறைக்கும் வழிகளில் முதலாவது, கண்ணாடித் தேர்வு. குவிலென்ஸுக்கு உயர்ந்த ஒளிவிலகல் எண்ணும் குழிலென்ஸுக்குத் தாழ்ந்த எண்ணும் அமைந்தால் பெட்ஸ்வால் கூட்டுத்தொகை குறையும். பழைய கண்ணாடிகளில் நிறப் பிறழ்ச்சியை நீக்க இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருந்தது. 1884-ல் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே முதலியோர் தொடங்கிய கண்ணாடிக்கூடம் பேரியம் கலந்த புதிய கண்ணாடிகளைத் தந்தபின் அந்தக் கட்டு உடைந்தது. 1890-ல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் அமைத்த அனஸ்டிக்மாட் லென்ஸ் அதன் பயன்.

இரண்டாவது வழியைச் சொன்னவர் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்ல்ஸ் பியாஸி ஸ்மித். படம் விழும் இடத்துக்கு மிக அருகில் ஒரு குழிலென்ஸை வைத்தால், ஒளி அங்கே ஏற்கெனவே புள்ளியாகக் கூடியிருப்பதால் உருப்பெருக்கமோ குவியத் தூரமோ மாறாது. பெட்ஸ்வால் கூட்டுத்தொகையில் மட்டும் அதன் எதிர்ப்பங்கு முழுமையாகச் சேரும். இடத்துக்கு அந்த விதியில் மதிப்பில்லை என்பதன் முழுப் பயனையும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஒளியியலின் அழகான தீர்வுகளில் ஒன்று என்றே இதைச் சொல்ல வேண்டும். சரியாகக் குவியத்திலேயே வைத்தால் லென்ஸ்மேல் விழும் தூசியெல்லாம் படத்தோடு தெரியும். ஆகவே சற்றுத் தள்ளி வைப்பார்கள்.

இன்றைய தட்டைப் புல பைனாகுலர்கள் இதன் வழி வந்தவை. ஃபுஜினான் எஃப்எம்டி வரிசை, 1990-களின் நிக்கான் எஸ்இ, கேனனின் அதிர்வு தாங்கும் கருவிகள், 2010 வாக்கில் வந்த ஸ்வரோவ்ஸ்கி ஈஎல் ஸ்வரோவிஷன் ஆகியவற்றின் ஐபீஸில் வளைவை நீக்கும் லென்ஸ் உண்டு. இதன் எல்லையைக் காட்டுவது 2017-ல் வந்த நிக்கான் டபிள்யூஎக்ஸ் 10×50. 9 பாகைப் புலம், விளிம்புவரை புள்ளி விண்மீன்கள். எடையோ இரண்டரை கிலோ. கையில் பிடித்துப் பார்க்கும் கருவியாக அதைக் கருத முடியாது. விளிம்பின் கடைசிப் பத்து விழுக்காட்டுக்குக் கொடுக்கும் விலை கண்ணாடியின் எடையாகவும் பணமாகவும் வருகிறது. பறவை பார்க்க மட்டும் கருவி வாங்குபவர் அந்தப் பத்து விழுக்காட்டுக்காகச் செலவிடுவது தேவையற்றது. கண்ணின் கூர்மை நடுவிலுள்ள ஓரிரு பாகைகளில் மட்டுமே இருக்கிறது. பறவையைப் பார்ப்பவர் அதை எப்போதும் நடுவுக்கே கொண்டுவருகிறார். பால்வழியை மேய்பவர் கண்ணை உருட்டி விளிம்பை நேராகப் பார்க்கிறார். அவருக்கு அந்தச் செலவு நியாயமானது.

தொலைநோக்கி ஐபீஸில் இதே கருத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆல் நாக்லர். அப்பல்லோ நிலவூர்திப் பயிற்சிக் கருவிக்கான ஒளியியலை வடிவமைத்த அனுபவத்தோடு 1977-ல் டெலிவியூ நிறுவனத்தைத் தொடங்கி, 1980 வாக்கில் 82 பாகைத் தோற்றப் புலமுள்ள ஐபீஸைக் கொண்டுவந்தார். அதன் முன்பகுதியில் இருப்பது ஸ்மித் சொன்ன குழிலென்ஸின் வழித்தோன்றல்தான். அவ்வரிசையின் 31 மி.மீ. ஐபீஸ் ஒன்றே ஏறத்தாழ ஒரு கிலோ எடை.

கேமராவுக்குக் கண்ணைப்போன்ற தகவமைப்பு எதுவும் இல்லை. மேலே சொன்ன 500 மி.மீ. தொலைநோக்கியில் முழுச்சட்டக சென்சாரின் மூலை அச்சிலிருந்து 21.6 மி.மீ. தள்ளி இருக்கும், விலகல் 1.3 மி.மீ. லென்ஸின் விட்டம் 100 மி.மீ. என்றால் மூலை விண்மீன் கால் மில்லிமீட்டர் வட்டமாகும். சென்சாரின் ஒரு படப்புள்ளி 4 அல்லது 5 மைக்ரான் மட்டுமே. அந்த ஒரு விண்மீன் ஐம்பது படப்புள்ளி அகலத்துக்குப் பரவிவிடும்.

படம் விழும் பரப்பையே வளைத்துவிடுவது இன்னொரு வழி. எஸ்தோனியத் தீவொன்றில் பிறந்து, இளமையில் வெடிவிபத்தில் வலக் கையை இழந்த பெர்ன்ஹார்ட் ஷ்மிட், ஹாம்பர்க் வானாய்வகத்தில் 1930-ல் அமைத்த கேமராவில் கோள ஆடியும் மெல்லிய திருத்தத் தகடும் மட்டுமே. கோமா இல்லை, அஸ்டிக்மாட்டிசம் இல்லை. எஞ்சியது குவியத் தூரத்தையே ஆரமாகக் கொண்ட வளைவு. பாலோமர் மலையின் 1.2 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டுகளை 3.07 மீட்டர் ஆரத்துக்கு வளைத்துப் பிடித்தே 1949 முதல் வானப்படத் தொகுப்பு எடுத்தார்கள். தட்டின் நடுவுக்கும் மூலைக்கும் உயர வேறுபாடு ஒரு செ.மீ. அளவு. சிலிக்கான் சென்சாரைக் கண்ணாடித் தட்டுபோல் வளைப்பது எளிதல்ல. 2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கியும் ஷ்மிட் வகைதான்; அதில் 42 சென்சார்களை வளைந்த பரப்பில் பதித்து, அவற்றின்மேல் நீலமணிக் கற்படிகத்தாலான தட்டையாக்கும் லென்ஸ்களை வைத்தார்கள். சிலியில் 2025-ல் முதற்படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகத்தில் மூன்று ஆடிகளின் திறன்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி அமைந்திருக்கின்றன. திருத்த லென்ஸ்களும் சேர்ந்து, 3.5 பாகை வானம் 64 செ.மீ. அகலத் தட்டைத் தளத்தில் விழுகிறது.

வீட்டு மாடியிலிருந்து படம் எடுப்பவருக்குக் கிடைப்பது ஃபிளாட்னர் என்ற தனி லென்ஸ் தொகுதி. தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் இடையே அதைத் திருக வேண்டும். அதன் பின்விளிம்பிலிருந்து சென்சார் வரை பெரும்பாலும் 55 மி.மீ. தூரம் விதிக்கப்பட்டிருக்கும், இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மூலைகளில் தெரியும். மூலை விண்மீன்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி நீண்டால் சென்சார் பொதுவாக மிக அருகில் இருக்கிறது. நடுவைச் சுற்றி வளையமாக நீண்டால் மிகத் தள்ளி இருக்கிறது. மெல்லிய வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் அரை மில்லிமீட்டர் படியில் திருத்தலாம். நான்கு மூலைகளும் ஒரே அளவில் கெட்டிருந்தால் மட்டுமே இது தூரத்தின் குறை. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கியிருந்தால் சென்சார் சாய்ந்திருக்கிறது என்று பொருள்; அதை இணைப்புத் திருகுகளில்தான் சரிசெய்ய முடியும்.